நான் திரும்பப் பெற்ற பேட்ஜ்

போன வருடம், பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரம். பொள்ளாச்சி ரோட்டில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் மின்னியல் துறை ஆசிரியர். ஐம்பதைத் தொடப்போகிற வயது, அதற்கேற்ற தொப்பை, இரண்டுக்கும் பொருந்தாத பயந்த சுபாவம். வீட்டில் மிக்ஸி கொஞ்சம் வித்தியாசமாகச் சத்தம் போட்டாலே மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிற மின்னியல் ஆசிரியர் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மீட்டிங்கில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் எனக்குத் தெரியாது. அப்படி ஒரு மீட்டிங்கில் டிஜிட்டல் பேட்ஜ் வேலைக்கு ஆள் கேட்டபோது, "ஸ்கூல்ல சாரணர் படையில இருந்தப்ப சட்டை நிறைய பேட்ஜ் குத்தியிருந்தேனுங்க சார், அந்த அனுபவம் போதுங்களா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தேன். போதும் என்று சொல்லி, டிஜிட்டல் பேட்ஜ் ஒருங்கிணைப்பாளர் வேலையை என் தலையில் கட்டிவிட்டார் பிரின்சிபால்.

டிஜிட்டல் பேட்ஜ் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. மார்க் ஷீட் ஒரு மாணவி என்ன படித்தாள் என்று சொல்லும். அவளுக்குக் கையால் என்ன செய்யத் தெரியும் என்று சொல்லாது. அதற்காக, போனில் காட்டக்கூடிய ஒரு சின்னப் படம். அதைத் தட்டினால் என்ன திறமை, யார் சோதித்தார், எதை வைத்துக் கொடுத்தார் என்று திறக்கும். எங்கள் துறையில் மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டுவதற்கு ஒரு பேட்ஜ் வைத்திருந்தோம். எரிந்துபோன மோட்டாரில் பழைய செப்புக் கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றி, முனைகளை இணைத்து, ஓடவிட்டுக் காட்ட வேண்டும். பம்பும் மோட்டாருமாகப் பிழைக்கிற ஊரில் இது இருந்தால் வேலைக்கு உதவும் என்பது எண்ணம். உண்மையில் எந்தக் கம்பெனிக்காரரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை, ஒருவரைத் தவிர. பல்லடம் பக்கம் கோழிக்குஞ்சு பொரிக்கும் நிலையம் ஒன்றின் மேனேஜர் அம்மா. அவர்கள் மட்டும் எங்கள் மாணவி ஒருத்தியின் பேட்ஜை நிதானமாகத் தட்டிப் பார்த்து, படிப்பு முடிந்ததும் மோட்டார் பராமரிப்பு வேலைக்கு வந்துவிடச் சொல்லியிருந்தார்கள்.

அந்த மாணவிக்குத் தொண்டாமுத்தூர் பக்கம். அப்பா முன்பு தென்னந்தோப்பில் கூலி வேலை, இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா காய்கறிக் காட்டில் களை எடுப்பவர். பிள்ளை அதிகம் பேசாது. பேட்ஜ் வந்த அன்று மட்டும் லேபுக்கு வந்து, "எங்கூட்ல எல்லார்த்துக்கும் அனுப்பிப்போட்டேனுங்க சார். எங்கப்பன் ஆட்டோ ஸ்டாண்டுல எல்லார்கிட்டயும் காட்டிட்டு இருக்குதுங்களாம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டது.

இனி என் வீரச் செயலுக்கு வருகிறேன்.

பொங்கலோடு கல்லூரியின் சின்னம் மாறியது. கல்லூரியின் தரத்தைப் பார்க்க ஆய்வுக்குழு வேறு வருவதாக இருந்தது. பழைய சின்னம் எங்கேயும் கண்ணில் படக்கூடாது என்று உத்தரவு. சுவரில் இருந்ததை பெயின்ட் அடித்து மறைத்தார்கள். பேட்ஜில் இருந்ததை நான் மறைக்க வேண்டும். கொடுத்துவிட்ட பேட்ஜில் படத்தை மாற்ற முடியாது, எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொண்டு புதிதாகத்தான் கொடுக்க வேண்டும் என்று அந்த மென்பொருள் கம்பெனி பதில் அனுப்பியது. சரி, காலையில் யாரும் வருவதற்குள் முடித்துவிடுவோம் என்று நேரத்திலேயே போய் உட்கார்ந்தேன். மொத்தப் பெயரையும் டிக் செய்து 'திரும்பப் பெறு' என்பதை அழுத்தினேன். 'காரணம்?' என்று ஒரு கட்டம் கேட்டது. காலியாக விட்டால் நகர மாட்டேன் என்றது. கீழே ஒரு வரிசை தொங்கியது. சின்னம் மாறிவிட்டது என்று அதில் எங்கேயும் இல்லை. ரயில் டிக்கெட் ரத்து செய்யும்போது காரணம் கேட்டால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். முதலில் இருந்ததைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

டீ பாதியில் இருக்கும்போதே போன் துள்ள ஆரம்பித்துவிட்டது. பேட்ஜ் வாங்கிய ஒவ்வொருவருக்கும் கல்லூரியின் பெயரில் மெயில் போயிருக்கிறது. "உங்களுக்கு வழங்கப்பட்ட பேட்ஜ் திரும்பப் பெறப்பட்டது. காரணம்: தகுதி நிரூபிக்கப்படவில்லை." நான் தட்டிய முதல் காரணம் அதுதான்.

உடனே வாட்ஸப் குழுவில் போட்டேன். யாரும் பயப்பட வேண்டாம், சின்னம் மாற்றுகிறோம், மெயிலைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று. பையன்கள் வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகளாக அனுப்பினார்கள். "சார், உங்களுக்கே தகுதி நிரூபிக்கப்படலைங்க போல" என்று ஒருவன். நானும் சிரித்தேன். யார் யார் பார்த்தார்கள் என்று சும்மா திறந்து பார்த்தபோதுதான் அந்தத் தொண்டாமுத்தூர்ப் பிள்ளையின் பெயர் மட்டும் இல்லை என்பது தெரிந்தது. கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப்.

கல்லூரி பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற பெண்ணைப் பிடித்துக் கேட்டேன்.

"பஸ்ல வாரப்பவே மெயிலைப் பார்த்துச்சுங்க சார். ரெண்டு மூணு தடவை திருப்பித் திருப்பிப் படிச்சுச்சு. நான் கேட்டதுக்கு ஒண்ணுமே சொல்லலைங்க. உக்கடத்துல எறங்கிக்கிறேன்னு டிரைவர் அண்ணாகிட்டச் சொல்லி எறங்கிருச்சு."

"எதுக்கு எறங்குதுன்னு கேக்கலையா நீ?"

"கேட்டேனுங்க. திரும்பியே பாக்கலைங்க சார்."

உக்கடத்தில் என்ன இருக்கிறது என்று கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டும் மார்க்கெட்டும் மீன் கடைகளும் இருக்கின்றன. என் மூளைக்கு அதெல்லாம் வரவில்லை. பக்கத்திலேயே இருக்கும் பெரியகுளத்துத் தண்ணீர் மட்டும்தான் வந்தது. ஒவ்வொரு வருடமும் ரிசல்ட் வரும் நாட்களில் செய்தித்தாளின் உள்பக்கங்களைத் திறக்கவே பயப்படுகிற ஆசிரியர்களில் நானும் ஒருவன். ஸ்கூட்டரை எடுத்தேன். ஹெல்மெட்டைப் பின்பக்கம் முன்பக்கமாக மாட்டியிருந்தேன் என்பதை ஈச்சனாரி தாண்டித்தான் கவனித்தேன். அதுவரை எனக்கு முன்னால் சாலை சரியாகத் தெரியாததற்குக் கண்ணீர் காரணம் என்று நினைத்திருந்தேன்.

குளக்கரையில் நடைபாதை முழுக்கக் காலை நடைக்காரர்கள். நான் ஓடினேன். நான் ஓடுவதைப் பார்த்தால் பார்ப்பவர்களுக்குத்தான் மூச்சு வாங்கும். மக்காச்சோளம் விற்பவரிடம் போய், "ஏனுங்கண்ணா, இங்க ஒரு காலேஜ் பொண்ணு வந்துச்சுங்களா?" என்றேன்.

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "இங்க வாரதெல்லாம் காலேஜ் பொண்ணுகதானுங்க. நீங்க யாருங்க?"

"வாத்தியாருங்க."

"என்ன கலர் துணி போட்டிருந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. முதுகில் பை என்றேன். ஒல்லியாக இருக்கும் என்றேன். அவர் அடுப்பை விசிறியபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நடந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். தண்ணீர் ஓரம், கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில், ஒரு ஜோடி பெண்கள் செருப்பு. பக்கத்தில் யாருமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு செருப்பையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தேன். ஆகாயத்தாமரை அசையாமல் கிடந்தது. எத்தனை நேரம் அப்படி நின்றேனோ தெரியாது.

"ஏனுங்க, அது என்ற செருப்புங்க" என்றது ஒரு குரல். பின்னால் இருந்த பெஞ்சின் மேல் ஒரு அம்மா வெறுங்காலோடு சம்மணமிட்டு யோகா செய்துகொண்டிருந்தார்கள். "காணாமப் போயிரும்னு கண்ணுக்கு எதிர்லயே உட்டிருக்கறனுங்க. நீங்க எதுக்கு அதையே பாக்கறீங்க?"

அந்தச் செருப்பை நான் கும்பிட்டேன். நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த அம்மா அவசரமாக வந்து அதைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்து வீட்டுக்கு போன் செய்ய வேண்டும். அதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. பிள்ளை அங்கே இல்லையென்றால் அந்தத் தாயின் தலையில் நான் தீயை வைத்துவிடுவேன். தொண்டையைச் சரிசெய்து, வாழ்நாளில் நான் நடித்த ஒரே நாடகத்தை ஆரம்பித்தேன். அவள் அம்மா எடுத்தார்கள். காட்டில் இருந்தார்கள் போல, பின்னால் காற்றுச் சத்தம்.

"அம்மணிக்கு வேலை கெடைச்சுதுங்கள்ல, அதப்பத்திக் கேக்கலாம்னுதானுங்க" என்றேன்.

"அதையேதானுங்க சார் பேசிக்கிட்டிருக்குது. அந்தப் பல்லடத்தம்மா வந்து பாக்கச் சொன்னாங்க, ஒருக்கா போயிட்டு வாரேன்னு. எப்பங்க போகோணும்? அம்மணி காலேஜுக்கு வந்துருச்சுங்களா?"

"வந்துருமுங்க" என்றேன். அது பொய்யா, வேண்டுதலா என்று எனக்கே தெரியவில்லை.

பல்லடம் என்ற சொல் மட்டும் மனதில் நின்றது. மேனேஜர் அம்மாவின் நம்பர் என்னிடம் இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்கள். நான் பெயர் சொல்வதற்குள்ளேயே, "அந்தப் பேட்ஜைத் திரும்ப வாங்குன சாருங்களா?" என்று கேட்டார்கள். "பொண்ணு இங்கதானுங்க இருக்குது. மெதுவா வாங்க. வண்டியைப் பார்த்து ஓட்டுங்க."

குளக்கரையில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மக்காச்சோளக்காரர் ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தார். "பொண்ணு கெடைச்சுருச்சுங்களா?" என்றார். தலையை ஆட்டினேன். காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பொரிப்பகத்துக்குள் நோய்க்கிருமி நுழைந்துவிடக்கூடாது என்பதற்காக, வருகிறவர் செருப்பைக் கழற்றி, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து, வெள்ளைக் கோட்டும் தலைக்கு பிளாஸ்டிக் தொப்பியும் போட்டுக்கொள்ள வேண்டும். என் தொப்பைக்குக் கோட்டின் பொத்தான் எட்டவில்லை. அந்தக் கோலத்தில் ஆபீஸ் அறைக்குள் நுழைந்தேன். அந்தப் பிள்ளையும் அதே தொப்பியோடு ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தது. எதிரில் சாப்பிட்டு முடித்த தட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றது. வேறு நாளாக இருந்தால் என் கோலத்தைப் பார்த்து நானே ஒரு ஜோக் அடித்திருப்பேன். அந்த முகத்தைப் பார்த்ததும் ஜோக் மறந்துவிட்டது.

மேனேஜர் அம்மா என்னை வெளியே கூட்டிப் போய்த் தணிந்த குரலில் சொன்னார்கள். "வந்ததும் வராததுமா, என் பேட்ஜைக் காலேஜ்ல வாங்கிட்டாங்க மேடம், அதைப் பார்த்துத்தான வேலை குடுத்தீங்க, நீங்களா கண்டுபுடிக்கறதுக்கு முந்தி நானே சொல்லிரலாம்னு வந்தேன்னுதுங்க. சொல்லிப்போட்டு, வாரேனுங்கன்னு உடனே கெளம்புச்சு. எனக்கு அது மொகம் செரியாப் படலை. நான் ஒண்ணும் கேக்கலைங்க. சாப்புட்டுப் போ கண்ணுன்னேன். பொறகு, இந்த ரூம்ல ஃபேனைப் பாரு, அந்த ரூம்ல ஃபேனைப் பாருன்னு ஏதாச்சும் சொல்லி நிறுத்தி வெச்சிருக்கேன். தனியா பஸ் ஏத்தி உட மனசு வரலைங்க."

நான் உள்ளே போய், எல்லாவற்றையும் சொன்னேன். சின்னம், ஆய்வுக்குழு, தொங்கிய வரிசை, டீ. உன் மேல் ஒரு தப்பும் இல்லை அம்மணி, எல்லார் பேட்ஜும் போனது, அந்தக் காரணம் நான் பார்க்காமல் தட்டியது என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். தலையைக் குனிந்தபடி நின்றாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு நெனைச்சேனுங்க சார்."

"என்ன தெரிஞ்சு போச்சு?"

"உக்கடத்துல எறங்கி, கொளத்துக்கிட்டக் கொஞ்ச நேரம் ஒக்காந்திருந்தேனுங்க. நான் என்ன தப்பு பண்ணுனேன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. டெஸ்ட் அன்னிக்கு நான் கட்டுன மோட்டார் மொதல்ல ஓடலைங்க சார். உறுமுச்சு. ஒரு காயிலோட முனையைத் தப்பாக் குடுத்துட்டேன். எதுன்னு எனக்குக் கண்டுபுடிக்கத் தெரியலை. பக்கத்துல இருந்தவங்க பார்த்து மாத்திக் குடுத்தாங்க. நீங்க அப்ப போன் பேச வெளிய போயிருந்தீங்க. திரும்பி வாரப்ப மோட்டார் ஓடிக்கிட்டிருந்துச்சு. நீங்க டிக் போட்டுட்டீங்க."

அந்த போன் எனக்கு ஞாபகம் இருந்தது. வரும்போது தேங்காய் எண்ணெய் வாங்கி வரச் சொல்லி வீட்டிலிருந்து வந்தது. எந்தக் கடையில் நல்ல எண்ணெய் என்று வராந்தாவில் நின்று நீண்ட நேரம் வாதாடியிருந்தேன்.

அவள் குளக்கரையில் உட்கார்ந்திருந்தாள் என்பதை அதற்கப்புறம்தான் முழுதாக வாங்கிக்கொண்டேன். யாரோ ஒருவரின் செருப்பைக் கும்பிட வைத்த என் பயம், அவ்வளவு முட்டாள்தனமானதும் இல்லை. அங்கே வேறு என்ன யோசித்தாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மேனேஜர் அம்மா அவள் தோளில் கையை வைத்தபடி நின்றிருந்தார்கள்.

பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்கள். "நடந்தது நடந்துபோச்சுங்க. ஆனா நான் ஒண்ணு கேக்கோணும். குஞ்சு பொரிக்கற ரூம்ல ஒரு ஃபேன் நின்னுபோச்சுன்னா உள்ள இருக்கற குஞ்செல்லாம் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அந்நேரத்துக்கு நான் டவுனுக்கு ஆள் அனுப்ப முடியாது. இந்தப் புள்ளைக்கு மோட்டார் வேலை தெரியுமா, தெரியாதுங்களா? நீங்கதான டெஸ்ட் வெச்சீங்க."

அந்தப் பிள்ளை என்னையே பார்த்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் வேலை நிச்சயம். என் மேலிருந்த பாரமும் இறங்கிவிடும். இத்தனை நேரம் ஆடிய நாடகத்தில் இன்னும் ஒரு வசனம், அவ்வளவுதான்.

"தெரியலைங்க" என்றேன். "நான் பாக்கலைங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

அந்த அம்மா சரி என்றார்கள். அந்தப் பிள்ளையின் முகத்தில் காலையிலிருந்து முதல்முறையாக ஒரு இளக்கம் தெரிந்தது. அது எனக்கு அப்போது புரியவில்லை. ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து சூலூர் தாண்டும்போது பிள்ளையே சொன்னது. "ஆமான்னு சொல்லியிருந்தீங்கன்னா, ஆயுசுக்கும் பயந்துக்கிட்டே வேலை பாத்திருப்பேனுங்க சார்."

அந்த வாரக் கடைசியில் லேபில் அவளுக்குத் தனியாக ஒரு எரிந்த மோட்டாரைக் கொடுத்தேன். என் போனைத் துறை அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் கம்பி சுற்றுவதை ஆரம்பத்திலிருந்து பார்த்தேன். இத்தனை வருடச் சர்வீஸில் ஒரு மாணவி முழு மோட்டாரும் கட்டி முடிப்பதை எழுந்து போகாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. மத்தியானத்துக்கு மேல் சுவிட்சைப் போட்டாள்.

மோட்டார் உறுமியது. ஓடவில்லை.

என் கை பரபரத்தது. எந்த இடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லித் தொலைக்க வாய் துடித்தது. என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். அவள் சுவிட்சை அணைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை. மூடியைக் கழற்றி, நடுவில் சுழல்கிற பாகத்தை வெளியே எடுத்து வைத்தாள். பேட்டரியிலிருந்து கொஞ்சமாக மின்சாரம் கொடுத்து, உள்சுவரை ஒட்டி ஒரு சின்னத் திசைகாட்டியை மெதுவாகச் சுற்றிக் கொண்டுபோனாள். முள் இடத்துக்கு இடம் மாறி மாறித் திரும்ப வேண்டும். ஓரிடத்தில் திரும்பாமல் முரண்டு பிடித்தது. அங்கே நிறுத்தி, இன்னொரு தடவை பார்த்தாள். முனைகளைப் பிரித்து மாற்றிக் கட்டினாள். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி சுவிட்சைப் போட்டாள்.

சத்தமே இல்லாமல் ஓடியது. அவள் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். நான் ஜன்னலைத் திறப்பது போல எழுந்து போய், ஜன்னலோடு பேசிக்கொண்டிருந்தேன்.

பேட்ஜைத் திரும்பக் கொடுக்கும்போது 'ஆதாரம்' என்று ஒரு கட்டம் வரும். முன்பெல்லாம் ஒரே வாக்கியத்தை எல்லோருக்கும் ஒட்டிவிடுவேன். அன்று உட்கார்ந்து எழுதினேன். முதலில் மோட்டார் உறுமியது, எந்த இடம் என்று யார் உதவியும் இல்லாமல் தானே தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்தார், நான் கூடவே இருந்து பார்த்தேன் என்று. பல்லடத்திலிருந்து போன் வந்தது. "உறுமுனதையும் எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சுத்தானுங்க தைரியம் வந்துச்சு. பரீட்சை முடிஞ்சதும் வரச் சொல்லுங்க" என்றார்கள். இப்போது அவள் அங்கேதான் வேலை செய்கிறாள். குஞ்சுகள் நலம்.

ஆய்வுக்குழு வந்து போனது. புதுச் சின்னத்தைப் பார்த்துத் திருப்தி என்று சொன்னார்கள். மீட்டிங்கில் நான் இன்னமும் வாயைத் திறக்கிறேன், பேட்ஜ் வேலையும் என்னிடமே இருக்கிறது. அந்தக் 'காரணம்' கட்டமும், கீழே தொங்கும் வரிசையில் முதலாவதாக அதே வாக்கியமும் அப்படியே இருக்கின்றன. அதன் பக்கம் விரல் போகும்போதெல்லாம் பெரியகுளத்துக் கரை கண்ணில் வந்துவிடுகிறது. நாங்கள் தப்பாகத் தட்டியிருப்போம் என்று ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படாமல், தன் தப்பு என்னவென்று தனக்குள்ளேயே தேடிக்கொண்டு, அங்கே ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.